தட்டு வைத்து அழைத்த கண்காட்சி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கோபத்தால் உருப்படியாக நடந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதையாவது எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் பம்பாயில் கமர்ஷியல் ஆர்ட் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷத்தில் எல்லோரும் சில மாதங்கள் வெளியே எங்காவது வேலை செய்ய வேண்டும் என்பது கல்லூரியின் சட்டம். இன்டர்ன்ஷிப் என்ற வார்த்தை அப்போது யார் வாயிலும் வந்ததில்லை. டிரெயினிங் என்போம். கூடப் படித்தவர்களுக்கு விளம்பரக் கம்பெனிகள் கிடைத்தன. ஏ.சி. அறை, சுழல் நாற்காலி, மத்தியானம் கான்டீன் என்று ஒரே அலட்டல். எனக்கும் என் சிநேகிதிக்கும் கிடைத்தது செம்பூரில் ரேஷன் கடைக்கு மேலே ஒரு ஹால். முன்னே அங்கே தையல் வகுப்பு நடந்ததாம். ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் அதை வெள்ளையடித்து, டியூப் லைட் போட்டு, அக்கம்பக்கத்து ஜனங்கள் நவீன ஓவியம் பார்ப்பதற்கான இடம் என்று போர்டு மாட்டிவிட்டார்கள். ஓவியம் இருந்தது. ஜனங்கள்தான் இல்லை.

அதை நடத்தியவர் ஒரு மராத்திக்காரப் பெண்மணி. வெட்டிய முடி, கைத்தறிப் புடவை, உரத்த குரல். எல்லோரும் அவரைத் தாயி என்று கூப்பிடுவோம், மராத்தியில் அக்கா. நல்ல மனுஷி, ஆனால் எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார். ஆணி அடிப்பது, நூல் கட்டி மட்டம் பார்ப்பது, அட்டை வெட்டுவது, பெருக்குவது, டீ வாங்கி வருவது எல்லாம் எங்கள் டிரெயினிங். "இதுக்குத்தான் காலேஜ் ஃபீஸ் கட்டினாரா எங்கப்பா?" என்று நான் தினம் ஒரு தடவை கேட்பேன். சிநேகிதி சிரிப்பாள். அவளுக்கு அந்த இடத்தில் பெருக்குவதுகூடப் பிடித்திருந்தது.

நான் மாட்டுங்கா. பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அதே பில்டிங்கில் உட்கார்ந்துவிட்ட குடும்பம். அப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் ஆபீஸ். அவள் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். அவள் வாப்பாவுக்குத் தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை இருந்தது. காலையில் மாட்டுங்காவில் நான் ஏறுகிற ஸ்லோ வண்டியில் அடுத்த ஸ்டேஷனான சயானில் அவள் ஏறுவாள். குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி, ஹார்பர் லைன் பிடித்து செம்பூர். அந்தப் பாலத்து நெரிசலில்தான் ஒரு நாள் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஏட்டி, இந்த டிரெயினிங்கோட எனக்கு முடிஞ்சுது பாத்துக்கோ. பொறவு காலேஜுக்கு வரமாட்டேன்."

"என்ன உளர்றே? பரீட்சை இருக்கே!"

"மாப்பிள்ளை வீடு டோம்பிவிலி. கடை வெச்சிருக்காங்களாம். நல்ல ஆளுங்கதான். டிரெயினிங் முடியட்டும், தேதி குறிப்போம்னு வாப்பா சொல்லிட்டாவோ."

நான் நடுப் பாலத்தில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள். நானும் திருப்பித் திட்டினேன். கடைசி டெர்ம் ஒன்றுதான் பாக்கி. அதுவரை பொறுக்க முடியாதா ஒரு மனுஷருக்கு? "நீ கேக்கவே இல்லையா?" என்றேன். "கேட்டேன். எழுதி முடிச்சு என்ன பண்ணப் போறேன்னு கேட்டாவோ. எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. ஆனால் அவள் விடவில்லை. "வாப்பா கெட்டவருல்லட்டி. எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி இருக்காளுவ. நான் என்ன செய்யுதேன்னு அவ்வொளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவ அந்த ஹாலுக்கு வந்து பாத்தா போதும்." வரச் சொன்னாளாம். 'எனக்கு அங்க என்ன வேலை?' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்.

டிரெயினிங்கின் கடைசி வாரத்தில் ஹாலை எங்கள் இருவருக்கும் கொடுப்பதாகத் தாயி சொல்லியிருந்தார். எங்கள் படங்களை நாங்களே மாட்டி, நாங்களே கண்காட்சி வைக்கலாம். என்னுடையவை நீலச் சதுரங்கள். அவற்றைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம். அவளுடையதுதான் படம். பெரிய பெரிய தாள்களை ஒட்டி, ஒரு சுவர் முழுக்க, கரியால் வரைந்திருந்தாள். அவள் தெருவில் விடிகாலைத் தண்ணீர்க் குழாய். ஆள் ஒருத்தர்கூட இல்லை. குடங்கள் மட்டும் வரிசையில் இருந்தன. அங்கே குடத்தை வைத்துவிட்டுப் போனால் அதுதான் உன் நம்பர். ஆள் வந்து நிற்க வேண்டியதில்லை. கழுத்தில் கிழிந்த துணி கட்டிய பிளாஸ்டிக் குடம், நசுங்கிய பித்தளைக் குடம், ஓட்டையில் தார் அடைத்த எண்ணெய் டின், மூடி தொலைந்த பால் கேன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. அவள் உம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பது இவள் வேலை. தாயி தானே நூலைப் பிடித்து அதற்கு மட்டம் பார்த்தார். அவர் நூலைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரி, படம் தயார். பார்க்க யார் வருவார்கள்? அதற்கு முந்தின கண்காட்சிக்குத் தாயி அழகான கார்டு அச்சடித்து அக்கம்பக்கம் முழுக்கத் தபாலில் போட்டார். மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்குக்கும் நானே விலாசம் எழுதினேன். தென் பம்பாய் டவுனிலிருந்து தாயியின் சிநேகிதர்கள் காரில் வந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்களில் ஒரு ஈ காக்காகூட வரவில்லை. மறுநாள் மாடிப்படியில் பக்கத்து வீட்டு மாமி எதிரே வந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏன் மாமி, செம்பூர் என்ன செவ்வாய் கிரகத்துலயா இருக்கு? ஒருத்தராவது வந்தேளா?" என்று பிடித்துக்கொண்டேன்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எப்போடி கூப்பிட்டே?"

"கார்டு வந்துதோல்லியோ?"

"கார்டு வந்தது. அதை மாமா ஏதோ சொசைட்டி மீட்டிங் நோட்டீஸ்னு நெனச்சுண்டார். ஏன்டி, உங்காத்துல ஒரு வளைகாப்புன்னா உங்கம்மா ஆத்துக்கு வந்து குங்குமம் குடுத்துக் கூப்பிடலையா? அப்போ நான் வராம இருந்திருக்கேனா? தபால்ல காகிதம் போட்டா அது அழைப்பாகுமா? கூப்பிடாத எடத்துக்கு நான் எதுக்கு வரணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு நவீன ஓவியம் பார்க்கக்கூட வெற்றிலை பாக்கு வைக்க வேண்டுமாக்கும்! வேண்டுமா, வைக்கிறேன், பார் என்று அம்மாவின் வெள்ளித் தட்டை எடுத்துக்கொண்டேன். சந்தனம், குங்குமம், கல்கண்டு, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தட்டுக்கு அடியில் விரிக்க ஒரு பட்டுத் துணியும் கொடுத்தாள். வீம்புக்கு ஆரம்பித்ததுதான். எங்கள் பில்டிங், எதிர் பில்டிங், மார்க்கெட் பக்கம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். "சனிக்கிழமை சாயங்காலம். எல்லோருமா வந்து நடத்திக் குடுக்கணும்." எதை நடத்திக் கொடுக்க வேண்டும் என்று ஒருத்தர் கேட்கவில்லை. "கண்டிப்பா வரேன்டி கொழந்தே" என்று கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் அதே தட்டோடு தாராவிக்குப் போனேன். குங்குமத்தை எடுத்துவிட்டோம். சந்தனமும் கல்கண்டும் அங்கேயும் செல்லும். சிநேகிதியும் கூட வந்தாள். ஆனால் அவள் வாயைத் திறந்து கூப்பிடவில்லை. தன் விசேஷத்துக்குத் தானே கூப்பிடுவது அவர்கள் பக்கத்தில் பழக்கமில்லையாம். தெருவில் இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாது. நான் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். "யாரு வீட்டு விசேஷம்?" என்று கேட்டார்கள். "இவளோடதுதான்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்! வராம இருப்போமா?" என்று அவள் கன்னத்தை வழித்தார்கள். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பது சனிக்கிழமை வரை எங்களுக்கு உறைக்கவில்லை.

கடைசி வீடு முடிந்து சந்து முனைக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "எல்லாரையும் கூப்பிட்டாச்சு. வாப்பாவ மட்டும் கூப்பிடல."

"ஏன்? அவரையும் கூப்பிட்டா போச்சு."

"அய்யய்யோ, வீட்டு ஆள யாராச்சும் தட்டு வெச்சுக் கூப்பிடுவாங்களாட்டி? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே!" என்று நான் பட்டறைப் பக்கம் திரும்பிவிட்டேன். அவள் முனையிலேயே நின்றாள். இரும்பு ஏணி ஏறித்தான் போக வேண்டும். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் ஏணி, மேலே தையல் மெஷின்களின் சத்தம், பசை நெடி. அவர் பனியனோடு உட்கார்ந்து ஒரு பைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் எழுந்து, கை கழுவி, ஆணியில் தொங்கிய சட்டையைப் போட்டுப் பொத்தான் எல்லாம் மாட்டிக்கொண்ட பிறகுதான் என் முன்னால் வந்து நின்றார். அந்த ஒரு நிமிஷத்தில் என் கோபத்தில் பாதி போய்விட்டது.

"மாமா, சனிக்கிழமை சாயங்காலம் செம்பூர்ல. குடும்பத்தோட வரணும்" என்று தட்டை நீட்டினேன்.

அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எம்மா, எம் மவ காரியத்துக்கு என்னையே கூப்பிடுதியா?"

"ஆமாம் மாமா. அவ கூப்பிட்டா நீங்க வரலியாமே."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பையன்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு ஒரு கல்கண்டை எடுத்தார். "தட்டு வெச்சுக் கூப்பிட்ட பொறவு வரமாட்டேம்னு சொல்லப்படாது. வாரேன்."

சனிக்கிழமை வந்தது. அம்மாடி, அந்தக் கூட்டம்! மாட்டுங்கா மாமிகள் காஞ்சிபுரமும் மல்லிகையுமாக வந்து இறங்கினார்கள். தாராவியிலிருந்து பஸ் பஸ்ஸாகக் குழந்தை குட்டிகளோடு, சரிகை முக்காடும் அத்தர் வாசனையுமாக வந்தார்கள். வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். ஏறி வருகிறவர்களுக்குப் படியில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு பரிசு வேறு. எவர்சில்வர் டப்பா, தூக்கு, டிபன் கேரியர், ரோஜாப் பூ போட்ட சுவர்க் கடிகாரம். எல்லாவற்றையும் சிநேகிதியின் கையில் திணித்தார்கள். அவள் தாடை வரை பாத்திரத்தோடு திருதிரு என்று விழித்தாள். ஒரு மாமி என் காதில், "மாப்பிள்ளை எங்கேடி?" என்றார். "யாருக்கு மாமி?" என்றேன். "அதைத்தான்டி நானும் கேக்கறேன்" என்றார். தாயி என் கையைப் பிடித்து இழுத்து, "க்யா ஹோ ரஹா ஹை?" என்றார். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல?

அவள் வாப்பா உம்மாவையும் தங்கச்சிகளையும் அழைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் வந்தார். படி ஏறியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், 'வாங்க' என்று சொல்ல வாசலில் ஒரு நாதி இல்லை. அதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினார். இரண்டு கையையும் நீட்டி, "வாங்க, வாங்க, உள்ள போங்க" என்று ஆரம்பித்தார். மாட்டுங்கா மாமாக்களுக்கும் அதே வரவேற்புதான். உள்ளே பிஸ்கட் தட்டை எட்டிப் பார்த்து முகம் சுளித்தவர், கீழே ஆள் அனுப்பி உடுப்பி ஹோட்டலிலிருந்து கேசரி, போண்டா, டீ எல்லாம் வரவழைத்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு மறுபடியும் கோபம் ஏறியது. ஊரையே உபசரிக்கிற மனுஷருக்குப் பெற்ற பெண் வரைந்ததைப் பார்க்க நேரம் இல்லையா!

அப்போதுதான் உள்ளே சத்தம் கேட்டது.

படத்தின் முன்னால் தாராவிப் பெண்கள் கூடி, "ஏ, இது எங் கொடம்லா!" "அந்தா பாரு, நம்ம டின்னு!" என்று ஒரே கும்மாளமாக இருந்தார்கள். அவரவர் குடத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டார்கள். சுவர் ஓரமாக ஒரு வரிசையே உண்டாகிவிட்டது. அதில் பித்தளைக் குடத்துக்காரி திடீரென்று இடுப்பில் கை வைத்தாள்.

"ஏளா, துணி கட்டுன உன் பச்சைக் கொடம் எப்படிளா எனக்கு முன்னால வந்துச்சு? என் நம்பர் எப்பவும் முதல்லலா!"

"அன்னிக்கு நான்தான் முந்தி வெச்சேன்!" என்றாள் பச்சைக் குடத்துக்காரி.

"எந்த அன்னிக்கு? பொய் சொல்லாத!"

அவ்வளவுதான். வரிசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு டபரா உருண்டது. படம் பிடிக்கவில்லை என்று சண்டை போடுகிறார்கள் என நினைத்துத் தாயி வெளிறிப்போனார். நான் நடுவில் புகுந்து, "அக்கா, இது வெறும் படம்க்கா" என்றேன்.

பித்தளைக் குடத்துக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "படம்னா? எல்லாரும் வந்து பாக்குத எடத்துலலா மாட்டியிருக்கு? நான் நேரத்தோட கொடம் வைக்காம அவளுக்குப் பொறவு வந்து நின்னேன்னு நாளைக்கு ஊரு பேசாதா? மாத்தி வரையச் சொல்லு!"

சிநேகிதி எவர்சில்வரைக் கீழே வைத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். சத்தம் கேட்டு அவள் வாப்பா உள்ளே வந்தார். விசேஷ வீட்டில் சண்டை என்றால் வீட்டு ஆள்தானே தீர்க்க வேண்டும்? கையை உயர்த்தியதும் எல்லோரும் அடங்கினார்கள். அவர் மகளைப் பார்த்து, ஒரு சாட்சியைக் கேட்பது போலக் கேட்டார்.

"ஏளா, நீதான பாத்தே? சொல்லு. யாரு முந்தி?"

"அன்னிக்கு அவ்வொதான் முந்தி வாப்பா" என்று பச்சைக் குடத்துக்காரியைக் காட்டினாள். "நல்ல மழை அன்னிக்கு. இந்தா, எல்லாக் கொடத்து மேலயும் ஈரம் போட்டிருக்கேன் பாருங்க. பித்தளைக் கொடத்த இவ்வொ கொண்டு வரல. காய்ச்சல்ல கெடந்தாவோ. இவ்வொ மவன்தான் வெச்சுட்டுப் போனான். அதான் நசுங்குன பக்கம் வெளிய தெரியுது."

பித்தளைக் குடத்துக்காரி படத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள். "ஆமா," என்றாள். "காய்ச்சல்தான் அன்னிக்கு." பிறகு பச்சைக் குடத்துக்காரியிடம், "நீதான எனக்குக் கஞ்சி கொண்டாந்தே" என்றாள். சண்டை அத்தோடு தீர்ந்தது.

ஆனால் அவர் வாசலுக்குத் திரும்பவில்லை. வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொரு குடமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். இது இன்னார் வீடு, இது இன்னார் வீடு என்று வாய் முணுமுணுத்தது. கடைசி வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தார். பிறகு மகளிடம், "நம்ம வீட்டுக் கொடம் எங்க?" என்றார்.

"அது என் கையில இருந்துச்சு வாப்பா."

"வரிசையில வைக்கலையா?"

"வெச்சா நம்பர் வந்துரும், தண்ணி புடிச்சுட்டுப் போணும்லா? எல்லாரையும் முன்னால விட்டுட்டுக் கடைசில நிப்பேன். அப்பதான் எல்லாக் கொடத்தையும் பாக்க முடியும்."

"தெனமுமா?"

"மழைக்காலம் பூரா."

"தண்ணி ஏன் லேட்டுன்னு தெனம் ஏசுனேனே. ஒரு நாளாச்சும் சொல்லலியேளா நீ" என்றார். நான் போண்டா தட்டை எடுத்துக்கொண்டு யாருக்கோ கொடுக்கப் போவது போல நின்றேன்.

அந்த நேரம் பார்த்து டோம்பிவிலி வீட்டு மாமி முன்னால் வந்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா. அவரும் யார் சொல்லியோ சுவர்க் கடிகாரத்தோடு வந்திருந்தார். தங்கமான மனுஷிதான், எல்லோர் எதிரிலும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன மச்சான், இந்த விசேஷம் நல்லபடியா நடந்துச்சு. அடுத்தது எப்போ? இப்பவே தேதியச் சொல்லிருங்க, சபை கூடியிருக்கு."

ஹாலே வாப்பாவின் வாயைப் பார்த்தது. சிநேகிதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை முடியட்டும்" என்றார் அவர்.

"என்ன பரீட்சை?"

அது அவருக்கே தெரியாது, பாவம். மகள் பக்கம் திரும்பி, சபையில் அத்தனை பேர் முன்னால் கேட்டார். "எப்பளா உனக்குப் பரீட்சை?"

"ஏப்ரல்ல" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

"ஏப்ரலுக்குப் பொறவு பேசுவோம்" என்றார். பெரியம்மாவுக்கு ஒரு கணம் முகம் வாடியது. "படிப்புன்னா படிச்சு முடிக்கட்டுமே, நாங்க என்ன ஓடியா போறோம்?" என்று அவரே சமாளித்துக்கொண்டு கேசரி எடுத்துக்கொள்ளப் போனார். சிநேகிதி தடுப்புப் பலகைக்குப் பின்னால் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடி, இரண்டு பேரும் விளக்குமாறு வைக்கிற மூலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதோம்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவர் மறுபடியும் வாசலுக்குப் போயிருந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிய ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, தாராவிக்காரர்களிடம் "மவளுக்கு ஏப்ரல்ல பரீட்சை, துஆ செய்ங்க" என்றும், எங்கள் மாட்டுங்கா மாமிகளிடம் கைகூப்பி, "ஏப்ரல்ல பரீட்சைம்மா, நீங்களும் சாமிட்ட வேண்டிக்கிடுங்க" என்றும், ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.